மூடிக்குப் பெட்டி

ஊரெல்லாம் பெட்டி இழைத்துவிட்டு
மூடி தேடும்.
நான் மூடி வாங்கிய பிறகுதான்
ஓலையில் கைவைப்பேன்.

ஐந்துசந்திக்கு அங்கால்
மவுசூக் நானாவின் பழஞ்சாமான் கடையில்
தராசு எல்லாவற்றையும் இரும்பென்றே நம்பும்.
சைக்கிள் செயின், ஊசி கழன்ற தையல் மெஷின்,
கதவில்லாத பிறிட்ஜ்.
அவற்றுக்கும் அடியில்
துணை பிரிந்த மூடிகள்.
குமிழ் இழந்தது, எனாமல் கொட்டியது,
பால்மா ரின்னுடையது,
ஒருமுறை மொறிஸ் காரின் சில்லு மூடி.
(அதற்கு இழைத்த கடகத்தில்
நல்லூர்ப் பக்கம் யாரோ
நாய்க்குட்டி வளர்க்கிறார்களாம்.)

நூறு ரூபா, பேரமில்லை என்பார் நானா.
எண்பதுக்குத் தருவார்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கவிழ்த்து
சீமெந்து நிலத்தில் கரியால் வட்டம் போடுவேன்.
வட்டத்துக்குள் அடி.
உள்ளுக்குச் சார்வோலை.
வெளிச்சுற்றுக்கு,
கனடாவிலிருந்து வந்த பெட்டிகளைக் கட்டியிருந்த
மஞ்சள் பார்சல் பட்டி.
பட்டி முரடு. வளைத்தாலும்
பழைய சதுரத்தையே நினைத்துக்கொண்டு விறைக்கும்.
கொதிதண்ணீரில் போட்டால் மறந்துவிடும்.
விளிம்பை நாரால் பொத்தி
ரெலிபோன் வயரால் இரண்டு முடிச்சுப் போட்டு
மூடியைப் பிணைத்தால்
திறக்கும், பூட்டும், கழராது.

மாசியில் ஒரு சனி. சுன்னாகம் சந்தை.
என் முன்னால் வந்து குந்திய பெண்
பெட்டியைப் பார்க்கவே இல்லை,
மூடியைத் தடவினாள்.
“உந்த நெளிவு நான் போட்டது.
பூனைக்கு எறிஞ்சனான். பூனைக்குப் படேல்லை.”

இளவாலை மெற்றில்டா.
மகன் மூடியை மட்டும் இரும்புக்காரனிடம் போட்டு
ஐஸ்பழம் குடித்தானாம்.
மூன்று மாதமாகப் பானையைப்
பீங்கானால் மூடுகிறாளாம்.

“கழட்டித் தா.”
“கழட்டினால் என்ர பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.”
“என்ர பானை நிற்கேல்லையோ?”

பக்கத்து வெங்காயக்காரர் நியாயம் சொல்ல வந்தார்.
இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.
திரும்பிப் போனார்.

அடுத்த சனி பானையோடு வந்தாள்,
சாட்சியைக் கூட்டி வந்தது போல்
இடுப்பில் இருத்தி.
நேர்ச்சுவர் அலுமினியம், அடி முழுக்கக் கரி,
காது இரண்டும் எப்போதோ கழன்றது.
வைக்க இடமில்லை
(உண்மையாகவே இல்லை, சுற்றிவரக் கத்தரிக்காய்),
என் பெட்டிக்குள் இறக்கினாள்.

இறங்கியது.
ஓலைக்கும் பானைக்கும் நடுவில்
ஒரு ஈர்க்குப் போக இடமில்லை.
மூடியை நான்தான் சாய்த்தேன்.
பானையின் வாயில் அது குந்திய சத்தம்
அவ்வளவு இரைச்சலிலும் கேட்டது.

ஒன்றரைக் கிழமை குனிந்திருந்து
நான் கண்ணாலும் காணாத பானைக்கு
அளவு பிசகாமல் சட்டை தைத்திருக்கிறேன்.

மெற்றில்டா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.
பிறகு கதைத்தாள்.
“மூடிக் காசைக் கழி.”
“நானாவுக்கு எண்பது குடுத்தனான்.”
“என்ர பெடியன் ஐம்பதுக்கு வித்தவன்.”
அறுபத்தைந்தில் நின்றோம்.

இப்போது பெரியாஸ்பத்திரி ஒன்பதாம் வாட்டுக்கு
அவளின் தமையனுக்குக் கஞ்சி
அதற்குள் இருந்துதான் போகிறது.
இரண்டு பஸ் மாறிப் போயும்
வாய் சுடுகிறதாம்.
முறைப்பாடு மாதிரித்தான் சொன்னாள்.