எடைமேடை

செங்குன்றத்து அரிசி மண்டியில்
பதினான்கு வருடமாகக் கணக்கெழுதுகிறேன்.
ஒரு பிடி அள்ளி விரலில் உருட்டினால்
பொன்னியா பாபட்லாவா, எத்தனை மாதப் பழசு,
எல்லாம் சொல்லிவிடுவேன்.
தை பிறந்ததிலிருந்து
ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

பொய்.
சித்திரையில் நாத்தனார் மகள் வளைகாப்பு,
புளியோதரை மூன்று வாய்.
மூன்றாவது வாய்க்குக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விடிகாலை ஐந்தே காலுக்கு ஸ்கூட்டியை எடுத்தால்
"எங்கே பொற்கொடி?"
"புழலுக்கு."
"யாரை ஜாமீன்ல எடுக்க?"
சிறைச்சாலைக்கு இந்தப் பக்கம், டயர் கடை மாடி.
தகரக் கூரை. ஒரே மின்விசிறி,
அதுவும் கண்ணாடிக்குத்தான் வீசும்.
டெரன்ஸுக்கு இருபத்தாறு வயது.
பணம் கட்டிய வாரம் மேடம், மற்ற வாரம் அக்கா.
"கம்பியை இழுக்காதீங்க. தரையை மிதிச்சுத் தள்ளுங்க.
கம்பி தானா வரும்."
வந்தது. முதல் நாள் வெறும் கம்பி.
வைகாசியில் அறுபது கிலோ:
இரண்டு சிப்பமும் ஒரு பத்துக் கிலோப் பையும்
என்று மனசு உடனே பில் போட்டது.

முதல் பத்து நாள் தலைவலி.
லாரி ஹாரனெல்லாம் பற்களுக்குள் அடித்தது.
எலுமிச்சைத் தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டுக் குடித்தேன்.
பிறகு பழகிவிட்டது முட்டை, சங்கரா மீன்,
முருங்கைக்கீரை, புளித்த மோர்.
காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வைத்து
அதைச் சாதம் என்று சொல்லச் சொன்னார்கள்.
சாப்பிடுவேன். சாதம் என்று மட்டும் சொல்லமாட்டேன்.
தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.

எதிரே தணிகாசலம்
சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்து
வத்தக்குழம்பு ஊற்றுகிறார்.
நல்ல மனுஷன். ஒரு கவளம் வேணுமா என்று கேட்பதில்லை.
குழம்பு கரையை உடைத்துக்கொண்டு இறங்குவதை
நான் பார்ப்பதைப் பார்த்து
தட்டைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறார்.

கடைசி லாரி போனபின்
மண்டியின் எடைமேடையில் ஏறி நிற்பேன்,
செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி.
தையில் எண்பத்தொன்று. பங்குனி முடிவில் எழுபத்து நாலு.
ஏழு கிலோ ஒரு ரசீதும் இல்லாமல் எங்கே போனது?
"மூச்சுல போயிடும்கா" என்றான் டெரன்ஸ்.
அதை எந்தக் கணக்கில் எழுத?

அப்புறம் எண் நின்றுவிட்டது.
எழுபத்து நாலு. இருபது நாள். எழுபத்து நாலு.
ரவிக்கையை மட்டும் இரண்டு முறை பிடித்துத் தைத்தாயிற்று.
அந்த ஆத்திரத்தில்தான் நினைவு வந்தது
(நினைவென்ன, எனக்குத் தெரியாததா):
இந்த மேடை முந்நூறு கிராம் கூடக் காட்டும்.
விற்பனைக்கென்று அப்படி வைத்தது.
ஒவ்வொரு சிப்பத்திலும் குறைந்த முந்நூறு
என் கையெழுத்தில் முழு இருபத்தைந்தாக இருக்கிறது.
ஊரார் வீட்டுப் பானையில் குறைந்தது
என் இடுப்பில் ஏறி நிற்கிறது.

டெரன்ஸிடம் இருபது கிலோ இரும்புத் தட்டு ஒன்றை
இரவல் வாங்கி
ஸ்கூட்டியில் கால்வைக்கும் இடத்தில் வைத்து ஓட்டிவந்தேன்.
வியாபாரிகள் நிற்கிற நேரம்.
பிடிக்க ஓடிவந்தார் ஏகாம்பரம், முப்பது வருடம் மூட்டை தூக்குகிறவர்.
வேண்டாம் என்றேன்.
முதுகு நேர். தரையை மிதித்துத் தள்ளி
தூக்கி வைத்தேன்.
இருபது புள்ளி மூன்று.

"உன் ஜிம் இரும்புதான் பொய்" என்றார் முதலாளி.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே,
"உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு."

குறைந்திருக்கிறது என்று காட்ட
அந்த மேடையைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.
தட்டைத் தூக்கி ஸ்கூட்டியில் வைத்தேன்.
நாளைக்குக் கால் பயிற்சி.
ராத்திரியே முட்டை வேகவைக்க வேண்டும், ஆறு.