சோதனைப் படம்

முகாம் நாளில் முதல் படம்
எப்போதும் அர்த்தநாரியுடையது.
கணக்கில் வராத படம்.
இருபது கொண்டை ஊசி வளைவும் குலுங்கி ஏறிய கேமரா
சரியாக இருக்கிறதா என்று பார்க்க
யாராவது தாடையை வைத்தாக வேண்டும்.
வண்டியை நிழலில் விட்டுவிட்டு
டீ குடித்த வாயைத் துடைத்தபடி
அவர்தான் வந்து உட்காருவார்.
இடது கண்.
பச்சைப் புள்ளியைப் பாருங்க, சிமிட்டாதீங்க.
ஒரு சொடுக்கு வெளிச்சம்.
திரையில் ஆரஞ்சு வட்டம்,
வெளிறிய நரம்பு முனையிலிருந்து
கிளை பிரியும் ரத்தக் குழாய்கள்.
கறை என்று ஒன்றும் கிடையாது.

"நல்லா இருக்கா?"
"கேமரா நல்லா இருக்கு."

மூன்று வருடமாக
எங்களுக்கு இதுதான் காலை வணக்கம்.
பிறகு அழித்துவிடுவேன்.

அன்று நாகலூர்ப் பள்ளி.
ஐந்தாம் வகுப்புச் சன்னலில் கறுப்புத் துணி கட்டி
இருட்டு செய்துகொண்டோம்.
காப்பிப் பழம் பறிக்கிற மாதம்,
எடை போட்டு முடித்துத்தான் சனம் வரும்.
அர்த்தநாரி இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார்.
டீக்கடையில் ஏதோ பூச்சி விழுந்ததாம்.
நீர் நிற்கவில்லை.

"இன்னைக்கு வேற யாரையாச்சும் வைங்க, ஸ்டெல்லா."
"வலது இருக்குல்ல" என்றேன்,
திரையைப் பார்த்தபடி.
நாற்காலி உடனே கிறீச்சிடவில்லை.

முதலில் லென்ஸில் தூசு என்றுதான் நினைத்தேன்.
துடைத்தேன். மறுபடி எடுத்தேன்.
தூசு இடம் மாறவில்லை.
ஊசி முனைச் சிவப்புகள்.
எண்ண ஆரம்பித்து பதினேழில் விட்டேன்.
பார்வையின் நடுவை ஒட்டி
மஞ்சள் துகள்கள்,
ஆலை வாசலில் மூட்டை கிழிந்து
ஜவ்வரிசி சிந்திய மாதிரி.
எனக்குச் சொல்லிக் கொடுத்தது படம் எடுக்க மட்டும்தான்,
படிக்க அல்ல.
படிப்பவர்கள் கீழே சேலத்தில் இருக்கிறார்கள்.
ஆனாலும் நாலாயிரம் கண் எடுத்தவளுக்கு
எழுத்துக் கூட்டவாவது தெரியாதா?

"கேமரா நல்லா இருக்கா?"
இந்த முறை அவரே அப்படிக் கேட்டார்.
"கேமரா நல்லா இருக்கு" என்றேன்.

அழிக்கவில்லை.
சேமிக்கப் பெயர் வேண்டும் என்றது கருவி.
அர்த்தநாரி.
இத்தனை நாளும் பாதியைத்தான் காட்டியிருக்கிறார்.
வயது? நாப்பத்தி எட்டு.
சர்க்கரை எத்தனை வருசமா?
"ஒம்பது. மாத்திரை டேஷ்போர்டுல கெடக்கு."
எப்ப இருந்து மங்கல்?
பதில் இல்லை.
அப்புறம், கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு,
"சொன்னா சாவியை வாங்கிக்குவீங்க."

அதோடு எழுந்து போய்
வரிசையை ஒழுங்குபடுத்தினார்.
சாயங்காலம் வரை அறுபத்து மூன்று பேர்.
வெளியே அவர் குரல்:
"வலிக்காது தாயி, மின்னல் மாதிரி ஒரு வெட்டு, அவ்வளவுதான்.
உள்ள இருக்கறத காட்டிருங்க."

இறங்கும்போது நான் முன்சீட்டுக்கு மாறினேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
முதல் கியர்.
எதிரே வருவதெல்லாம் அவருக்கு வலப்பக்கம்தானே,
ஒவ்வொரு திருப்பத்திலும் நான் சொன்னேன்: பஸ். பைக். பஸ்.
"தெரியுது, தெரியுது" என்றார்.
ஒரு முறை மட்டும் சொல்லவில்லை,
ஹாரனை அழுத்தினார்.

பதினாலாம் வளைவில்தான் சிக்னல் வந்தது.
படங்கள் போயின. கால் மணி நேரத்தில் டாக்டரின் குரல்.
"என்னங்கறாங்க?"
"திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. தள்ளிப் போடக் கூடாதாம்.
கண்ணுல மருந்து ஊத்துவாங்க,
வண்டி ஓட்டக் கூடாது, கூட யாராச்சும் வரணும்."

சிரித்தார்.
"பின்சீட்டுல உக்காந்து போற சோலி
எனக்குப் பழக்கமில்லையே."

கீழே சேலம் விளக்குப் போட ஆரம்பித்திருந்தது.
கைப்பிடிச் சுவர் வரை நடந்துபோய்
இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்.
நான் வண்டியிலேயே இருந்தேன்.

"ஓரத்துல கன்னங்குறிச்சி இருக்கு," என்றார்,
"இந்தப் பக்கம் மலை இருக்கு.
நடுவுல ஊரைக் காணோம்."

திரும்பி வந்து ஏறினார்.
சாவியைத் திருகுமுன் டேஷ்போர்டைத் திறந்து
மாத்திரை அட்டையை எடுத்து
என் மடியில் போட்டார்.

"அடுத்து பதிமூணு. சொல்லிக்கிட்டே வா."