இழுக்கும்போது மட்டும்

புயல் போன மறுநாள்
என் ரம்பம் தெருவுக்கே பொதுவாகிவிட்டது.
வாங்கிப் போன எல்லாரிடமும் சொன்னேன்:
தள்ளாதீங்க, இழுக்கும்போது மட்டும்தான் அறுக்கும்.
முதலில் கிளைக்கு அடியில் ஒரு கீறல்,
அப்புறம் மேலிருந்து.
இல்லாவிட்டால் பட்டை உரிந்துகொண்டு
தண்டுவரை இறங்கிவிடும்.
தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாள் வாசற்கதவில் தொங்கியது,
பூவரசம்பிசின் கறுத்து,
நடுவில் இரண்டு பல் இல்லாமல்.
யாரும் வாய் திறக்கவில்லை.
மாடிவீட்டு இக்னேஷியஸ் மட்டும்
லிஃப்டில் என்னைக் கண்டால்
தன் செருப்பைப் பார்ப்பார்.

திருவான்மியூர்க் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும்
எஃகு சிவக்க.
சமையலறைத் தரையில் உட்கார்ந்து
டர்பன்டைன் துணியால் பிசினைத் துடைத்தேன்.
முக்கோண அரம், பள்ளத்துக்கு மூன்று இழுப்பு.
நடுவில் எழுந்து
ரசத்தை இறக்கி வைத்தேன்.
கடைசியில் தேங்காயெண்ணெய்,
விரல் நுனியளவு.

ஆடியில் பூவரசு
கேபிள் வயரை மறுபடி எட்டிப் பிடித்தது.
ஏணியில் நாலாம் படி.
கண்ணுக்கு நேரே பழைய வெட்டு,
உதடு மாதிரி பட்டை பாதி மூடி வந்திருக்கிறது.
மூடாத பாதியில் ஒரு ஆணித்தலை,
அதில் தகரத் துண்டு:
'...ஷன் எடுக்கப்படும்'.
பக்கத்தில், மரத்துக்குள்,
மினுக்கென்று என் பல் ஒன்று.

கீழே ஏணியைப் பிடித்திருந்தவர் இக்னேஷியஸ்தான்.
"ஆணி சார்" என்றேன்.
செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.
"பிடியை விட்டுடாதீங்க."

இழுத்தேன்.
பல்லில்லாத இடம் வரும்போதெல்லாம்
ரம்பம் ஒருமுறை விக்கியது.
நாலைந்து இழுப்பில்
கை அதற்குப் பழகிக்கொண்டது.