இல்லாததற்கு ஒரு விகுதி

பெர்மில் முதல் வாரம்
கடைக்காரி தய்சியா பெயரைக் கேட்டாள்.
ஹேரியட், என்றேன்.
கேரியட், என்று கடன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.
நான் பிறந்த ஹல் துறைமுகம்கூட
அவர்களுடைய பழைய வரைபடத்தில் குல்.

சமையலறை முழுக்கச் சீட்டு ஒட்டினேன்.
கதவில் த்வேர், ஜன்னலில் அக்னோ,
கரண்டியில் லோஷ்கா.
பூனைமேல் ஒட்ட முடியவில்லை,
கோஷ்கா என்று கூப்பிட்டாலும் அது திரும்பவில்லை.
ஆவியில் உப்பின் சீட்டு உரிந்து
சூப்பில் விழுந்தது ஒருநாள்.
கிளைவ் அதை வாயிலிருந்து எடுத்து
வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான்: சோல்.
உப்பு சரியாக இருக்கிறது, என்றான்.

கேசட்டில் ஓர் ஆண்குரல்.
நான் டாக்டர். நீ மாணவன். இது மேசை.
என் மொழியில் அந்த இடத்தில்
ஒரு சின்னச் சொல் உண்டு, ஆணி மாதிரி.
அது இல்லாமல் நானும் டாக்டரும்
எப்படிப் பிரியாமல் நிற்கிறோம் என்று
ஒரு மாதம் பயந்துகொண்டே கேட்டேன்.
எதையும் வைத்திருக்கிறேன் என்று சொல்லவும் வழியில்லை.
என்னிடத்தில் வீடு இருக்கிறது,
என்னிடத்தில் புருஷன் இருக்கிறான்,
என்னிடத்தில் தலைவலி இருக்கிறது.
எல்லாம் தானாக வந்து பக்கத்தில் நிற்கின்றன,
எதன் மேலும் என் கை இல்லை.

ஓர் ஆண்டு என்றால் கோத்.
இரண்டு, மூன்று, நான்கு வரை கோதா.
ஐந்தைத் தொட்டால் சொல்லே வேறு, லியெத்,
அதற்குக் கோடைகள் என்றும் பொருள்.
மணமாகிப் பத்தொன்பது கோடைகள், என்று சொல்லிப் பார்த்தேன்.
ஹல்லில் அத்தனை கோடை ஏது, என்றான் கிளைவ்.

நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு ஒரு வினை.
முன்னால் ஓர் உ சேர்த்துவிட்டால்
விட்டுவிட்டுப் போய்விடுவது.
புத்தகத்தில் அது முப்பத்தோராம் பாடம்.
அவன் பெட்டி கட்டியபோது
நான் இருபத்தெட்டில் இருந்தேன்.

அந்த வாரம் கடையில் பால் கேட்டேன். மலக்கோ.
மலக்கா நியெத், என்றாள் தய்சியா.
மலக்கோ, என்று திருத்தினேன்.
மலக்கா, என்றாள், ரொட்டியைக் காகிதத்தில் சுற்றியபடி.
வீட்டுக்கு வந்து பக்கங்களைப் புரட்டினேன்.
பால் இருந்தால் பேர் அப்படியே இருக்கும்,
தீர்ந்துபோனால் வால் மாறும்.
இல்லாத ஒன்றுக்குப் போய் இவ்வளவு மரியாதை,
தனி வேற்றுமை, தனி அட்டவணை, பதினோரு பக்கம்.
எங்கள் ஊரில் இல்லாத பொருள்
இருந்தபோது எப்படியோ
அப்படியே இல்லாமல் இருக்கும்.

சனிக்கிழமை கதவைத் தட்டினான் நாலாம் மாடி ரினாத்.
மீசையில் பனி, கையில்
கிளைவிடம் இரவல் வாங்கிய துளைபோடும் மெஷின்.
கிளைவ் வீட்டிலா?
நான் யோசிக்கவே இல்லை,
அட்டவணை கண்ணுக்குள் வரவில்லை.
கிளைவா நியெத்.
இந்த ஊரில் என் வாயிலிருந்து
தவறில்லாமல் வந்த முதல் வாக்கியம்.
காதுக்கு என்னவோ
கூப்பிட்ட மாதிரி இருந்தது.
இருவருமே ஒரு கணம்
உள்ளறைப் பக்கம் பார்த்தோம்.

மெஷினைச் செருப்பு அலமாரிமேல் வைத்தான்.
எப்போது வருவான் என்று கேட்கவில்லை.
சாய் யெஸ்த், என்றேன்.
டீ இருக்கிறது, அதற்கு எதுவும் மாற்ற வேண்டாம்.
உட்கார்ந்தான்.
சீனி டப்பாவைத் திறந்தால் அடித்தகரம் தெரிந்தது.
சாகரா நியெத் என்று சொல்ல வேண்டும்,
அழுத்தம் வழுக்கி
சகாரா நியெத் என்றேன்.
ரினாத் ஜன்னலைப் பார்த்தான்.
மைனஸ் இருபத்தேழு. காமா நதிமேல்
பனிக்கட்டியில் துளைபோட்டு
ஆட்கள் மீனுக்காகக் குந்தியிருந்தார்கள்.
ஆமாம், என்றான் முகம் மாறாமல்,
அந்தப் பாலைவனம் இங்கே இல்லைதான்.

எனக்கு உறைப்பதற்குள் டீ பாதி ஆறிவிட்டது.
பனிலா, என்றேன். புரிந்துகொண்டேன்.
அதிலும் கடைசியில் ஓர் ஆ,
அது சொல்கிறவள் பெண் என்பதற்கு.