இரும்புக்கடைக் காலண்டர்

குப்பையில் போடும் முன்
ஒருமுறை புரட்டிப் பார்ப்போமே என்று
உட்கார்ந்ததுதான் தப்பு.
அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

புந்தா அரேனாஸில் வருஷத்தின் கடைசி ராத்திரி.
மணி பத்தாகியும் வானம் வீட்டுக்குப் போகவில்லை.
காற்று மட்டும், வழக்கம்போல,
கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறது.

ஜனவரியில் என் எழுத்து குண்டு குண்டாக இருக்கிறது.
யெர்கோவுக்குப் பல் வைத்தியர்.
கேஸ் பில் கடைசி நாள்.
மாமியார்.
வெறும் மாமியார். வருகிறாளா, போகிறாளா,
சண்டையா, சமாதானமா,
ஒரு விவரமும் இல்லை.

பிப்ரவரி பதினொன்றின் மேல் ஊதாக்கறை.
கலாஃபாத்தே பழம் பறித்து வந்த மாலை,
இடுப்பிலிருந்த மிலென்கா
எட்டி அழுத்திய கட்டைவிரல்.
அந்தத் தேதியில் வேறெதுவும் எழுத
இடம் விடவில்லை அவள்.

மார்ச்சில் கூரைத் தகரம் ஒன்று பறந்தது.
பக்கத்து வீட்டு ஓவிதியோ
அதைத் தன் நாய்க்குக் கூரையாக்கியிருந்தார்.
கேட்டு வாங்கப் போன நிபால்தோ
இரண்டு மணி நேரம் மாத்தே குடித்துவிட்டு
வெறுங்கையோடு வந்தான்.
"பாவம், நாய் நல்லாத் தூங்குது" என்றான்.
எங்கள் தலைக்கு மேல்
ஏப்ரல் முடியும்வரை நீலத் தார்ப்பாய் படபடத்தது.

மே ஒன்பதில் ஒரு வட்டம்,
பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது.
மீன் ஆலை நாற்பது பேரை அனுப்பிய நாள்.
நாற்பதில் நிபால்தோ முப்பத்தெட்டாவது ஆளாம்.
அந்த எண்ணை ஏன் அவனிடம் சொன்னார்கள் என்று
இப்போதும் எனக்குக் கோபம்.

பிறகு மாவு பிசைந்தான்.
பூசணி சேர்த்துச் சொப்பாய்ப்பியா சுட்டு
பள்ளிக்கூட வாசலில், பனிச்சறுக்கலில், தட்டோடு நின்றான்.
யெர்கோ எதிர்ப்பக்கமாகத் தெருவைக் கடந்தான்.
ஒரு நாளில்லை, பதினாறு நாள்.
பதினேழாம் நாள் சாப்பாட்டு மேசையில்,
தட்டைப் பார்த்தபடியே,
"உப்புக் கம்மின்னு பசங்க சொன்னாங்க" என்றான்.
மறுநாள் நிபால்தோ உப்பைக் கூட்டினான்.
அதைப் பற்றி வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

ஜூலைத் தாளில் ஒன்றுமே இல்லை.
மிலென்காவின் நெஞ்சுக்குள் பூனை ஒன்று
இரவெல்லாம் கத்திய மாதம்.
ஆஸ்பத்திரி நடையில் இருந்த காப்பி இயந்திரம்
என் நூறு பேசோவை விழுங்கிவிட்டு
விளக்கை மட்டும் எரித்துக் காட்டியது.
நர்ஸ் யாஸ்னா தன் குடுவையை நீட்டினாள்.
ஆறிப்போன தேநீர், சர்க்கரை ஜாஸ்தி.
சூரியன் ஒன்பதே முக்காலுக்கு வந்து
ஐந்தரைக்கே கிளம்பிவிடும்,
பார்வையாளர் நேரம் மாதிரி.

செப்டம்பரில் பட்டம்.
மற்ற ஊர்களில் பட்டம் ஏற ஓட வேண்டுமாம்.
இங்கே, நாம் ஏறிவிடாமல் நிற்க வேண்டும்.
யெர்கோ நூலைப் பிடிக்க
நிபால்தோ யெர்கோவைப் பிடிக்க
தோளில் இருந்த மிலென்கா
எல்லாரையும் பார்த்துச் சத்தமாக இருமினாள்.
மூவரும் உறைந்தோம்.
சும்மா இருமியிருக்கிறாள். சிரிக்கிறாள் திருடி.

அக்டோபரில் யெர்கோவின் கோழிக்கிறுக்கல்:
"அப்பா படகு, ராத்திரி."
ஜலசந்தியைக் கடக்கும் படகில்
லாரிகளுக்குச் சங்கிலி மாட்டும் வேலை.
சம்பளம் ஆலையைவிடக் குறைவு.
விடிகாலையில் டீசல் வாசனையோடு வந்து
என் கழுத்தில் குளிர்ந்த மூக்கை வைப்பான்.

நவம்பரில் மறுபடி என் கையெழுத்தில் மாமியார்.
பக்கத்தில் சின்னதாய் நிபால்தோ:
"ஆறு நாள்தான். தாங்கு."
இதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

இரும்புக்கடைக்காரர் புதுசு கொடுத்துவிட்டார்,
அதே பனிமலை, அதே சுத்தியல் படம்.
பழையதன் பின்பக்கங்கள் வெள்ளைதான்,
யெர்கோ கணக்குப் போடுவான்.
பிப்ரவரியை மட்டும் கொடுக்கப் போவதில்லை.

நள்ளிரவில் ஆளுக்கொரு கரண்டி பருப்பு தின்றால்
வருஷமெல்லாம் காசு புழங்கும் என்பார்கள்.
போன வருஷமும் தின்றோம்.
அடிப்பிடித்ததற்கு என்ன பலன் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.
மேலாக அள்ளி வைக்கிறேன்.
"கருகினதும் போடு" என்கிறான் யெர்கோ,
தட்டை நீட்டி.