பதினெட்டாவது எறிதல்

கன்னங்குறிச்சிக் கூடத்தில்
ஜன்னலை அடைத்திருக்கிறாள் ரெஜினா.
வெயில் பட்டால் கேமரா குழம்புமாம்.
தோளில் இரண்டு, முழங்கையில் ஒன்று,
மணிக்கட்டில் ஒன்று
பளபளக்கும் மணிகள்.
"சேலத்துக்காரனுக்கே ஜவ்வரிசி ஒட்டுறீங்களா?"
சிரிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

போச்சியா பந்து, நீலம்.
என் கை தானாக எழாது.
இடுப்பிலிருந்து ஓர் உதறல்,
உடம்பு சாய, பின்னாலேயே கை வரும்
கயிற்றில் கட்டிய வாளி மாதிரி.
கோணல் என்றார்கள்
பதினோரு வருடம், நேராக்க வந்த எல்லோரும்.

திரையில் நான் வெறும் புள்ளிகள்.
சதை இல்லை. 'ஐயோ பாவம்' இல்லை.
வளைவை விரலால் தொடர்ந்துபோய்ச் சொன்னாள்:
"இதைத் திருத்தாதீங்க மாதேஷ்.
தோள் கைவிட்டதை
முதுகு பார்த்துக்குது."
மார்புப் பட்டையை மட்டும்
இரண்டு விரல் இறக்கினாள்.

பந்து ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

பதினெட்டில் நிறுத்தச் சொன்னாள்.
கோடு தளர்கிறதாம்.
இன்னொன்று எறிந்தால்
நாளைக்குச் சோறு பிசைய விரல் இருக்காது.
எனக்கும் தெரியும்.
தெரிந்தும்
பத்தொன்பதாவதை மடியிலேயே வைத்திருந்தேன்.

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஆட்டோ திரும்ப
உடம்பு தன் போக்கில் சாய்ந்தது.
பிடிக்க வந்த தம்பியின் கையை
வேண்டாம் என்றேன்.