மாளுக்கு இடமில்லை

சயான் ஸ்டேஷனுக்கு எதிரே, மொபைல் கடைக்கு மேல் மாடியில்
ராத்திரி ஷிப்டில் ரத்தம் சுற்றுகிறவள் நான்.
மூவாயிரம் சுற்று, பத்து நிமிடம்.
சிவப்பு அடியில் இறங்க, மஞ்சள் மேலே தெளியும்.
சீட்டுகளில் டாக்டர்களின் கிறுக்கல்:
தூக்கமில்லை. மூட்டு வலி. காரணமில்லாத அழுகை.
சர்க்கரைக்குச் சாம்பல் மூடி, அணுக்களுக்கு ஊதா மூடி.
அழுகையை
எந்த மூடிக் குழாயில் எடுப்பது?

ஒன்றரை வருடமாக என் கணக்கும் தப்பிவிட்டது.
மூன்று மாதம் தலைகாட்டாமல் இருந்து
தண்டல்காரனைப்போல ஒரே வாரத்தில் இரண்டு தடவை வரும்.
காலையில் விரல்கள் துருப்பிடித்த ஷட்டர்;
திறக்க அரைமணி ஆகும்.
அப்புறம் அந்தக் கனம்.
நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டது மாதிரி.
ஜூலை மாதத்தில் இந்த ஊரில்
எந்தத் துண்டு காய்ந்திருக்கிறது?

"சும்மா உட்கார்ந்திருந்தா இப்படித்தான் தோணும்" என்றாள் நாத்தனார்.
எட்டு மணிநேரம் நிற்கிறேன்.
"ஞாயித்துக்கிழமை ஜுஹு போவமா" என்றார் இவர்.
நல்ல மனுஷன்.
போனோம். கடல் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டுக்குத் தரைத்தளம்,
கர்ப்பப்பைக்கு இரண்டாவது மாடி,
மனசுக்கு நான்காவது.
ஒருவர் எழுதியதை மற்றவர் புரட்டிப் பார்க்கவில்லை.
நடுவிலிருந்த படிக்கட்டில் உட்கார்ந்துதான் அழுதேன்.
எந்த மாடிக் கணக்கிலும் அது சேரவில்லை.

போன செவ்வாய், கூட்டமில்லாத இரண்டு மணிக்கு
நஸ்ரீன் என் இடதுகையில் ஊசி போட்டாள்.
லேபிள் சின்னது. அச்சுப்பொறி
'இசக்கியம்' வரை அடித்து நின்றுவிட்டது.
மாளுக்கு இடமில்லை.
அந்த வாரம் நான் நினைத்துக்கொண்டிருந்ததும்
அந்த ஒரு சொல்லைத்தான்.
நல்லதுக்குத்தான் என்று
கோணாமல் ஒட்டினேன்.

ஈஸ்ட்ரடயால் பதினேழு. கீழ்நோக்கி ஓர் அம்பு.
சி.ஆர்.பி. ஏழு புள்ளி எட்டு. மேல்நோக்கி ஒன்று.
காய்ச்சல் இல்லை, சளி இல்லை, புண் இல்லை.

தேவ்னார் குப்பைமேட்டைப் பார்த்திருக்கிறீர்களா?
மேலே காக்கைகள் மேயும்.
உள்ளே பற்றியது நாள்கணக்கில் கனியும்.
செம்பூரில் துணி உலர்த்துகிறவளுக்குத்தான் மூக்கில் ஏறும்.
எனக்குள்ளும் ஒருத்தி இத்தனை வருடம்
மேட்டின்மேல் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.
சம்பளம் கேட்காதவள்.
ஒருநாள் வந்தாள், ஒருநாள் வரவில்லை,
இப்போது அநேகமாக நின்றே விட்டாள்.
புகை தலைக்கு ஏறுகிறது.

இப்படித்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.
இதே இரண்டு அம்புகளோடு
வடாபாவ் தின்று சிரிக்கிறவர்களின் ரத்தமும் என் ரேக்கில் இருக்கிறது.
அம்பே இல்லாமல்
பாயைவிட்டு எழாதவர்களின் ரத்தமும்.
ஆனாலும் அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தபோது
முதல்முறையாகத் தோன்றியது:
இது என் குணமில்லை.

வெள்ளிக்கிழமை நான்காவது மாடிக்கு அதை எடுத்துப் போகிறேன்,
இரண்டாவதில் காட்டிவிட்டு.

மணி மூன்றரை. மான்குர்டிலிருந்து ஒரு பெட்டி.
பெண், நாற்பத்தொன்பது. தூக்கமில்லை, அழுகை.
கிறுக்கலுக்குக் கீழே பென்சிலால் எழுதுகிறேன்:
'காலையில் விரல் மடங்குதா? மாதக் கணக்கு எப்படி? கேளுங்கள்.'
எழுதக்கூடாது. தெரிந்தால் சூப்பர்வைசர் கத்துவார்.
பென்சில்தானே, அழித்துக்கொள்ளட்டும்.

அடுத்த சீட்டை எடுத்தேன்.
அதிலும் எழுதினேன்.